பழைய லாரிக்குப் புது நரம்பு: எப்போது?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருவர் எழுதியது)

“பதறாத காரியம் சிதறாது” என்பது நம் முன்னோர் மொழி. ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று அறிந்தால் மட்டும் போதாது. எப்போது செய்வது என்றும் அறிய வேண்டும். பாத்திரத்தில் ஈரம் காயுமுன் எண்ணெய் ஊற்றினால் தெறிக்கும். எண்ணெய் காயுமுன் கடுகு போட்டால் வெடிக்காது. சமையலறையில் நம் அன்னையர் நாள்தோறும் காட்டும் இந்தப் பாடத்தைப் பழைய லாரி ஒன்றைப் புதுப்பிக்கும் பட்டறையிலும் காணலாம்.

“லாரியா! அது ஆண்பிள்ளைகள் விஷயம்” என்று தோழியர் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் நாம் படிக்கும் மின்னோட்டவியல் முழுவதும் ஒரு லாரிக்குள் அடங்கியிருக்கிறது. எங்கள் தாத்தா ஓட்டிய லாரியை, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து புதுப்பித்தார்கள். அப்போது அருகில் இருந்து பார்த்தும் கேட்டும் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன். அந்த வேலையில் எழுந்த மிகப் பெரிய கேள்வி இதுதான்: பழைய ஒயரிங்கை மாற்ற வேண்டுமா? வேண்டும் என்றால் எந்தக் கட்டத்தில்?

நம் ஊரும் லாரியும்

நாம் வாழும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் உள்ள உறவு நீண்டது. வடக்கே எண்ணூரில் 1948-ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய அந்நிறுவனம், பின்னர் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ‘காமெட்’ லாரிகளைச் செய்யலாயிற்று. 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. நமக்கு அருகிலுள்ள பாடியில் 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ். தோன்றி, வண்டிகளுக்கு வேண்டிய டைனமோ, செல்ஃப் மோட்டார் போன்ற மின்பொருள்களைச் செய்தது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையோ 1960-களில் எழுந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே மேற்கே செல்லும் லாரிகளுக்குப் பழுது பார்க்கும் சிறு பட்டறைகள் அச்சாலை ஓரமெங்கும் முளைத்தன.

அந்தக் காலத்து லாரிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் சேஸும் எஞ்சினும் முகப்பும் மட்டுமே வெளிவரும். ஓட்டுநர் அமரும் கேபினையும் சரக்குப் பெட்டியையும் வெளியே பாடி கட்டும் பட்டறைகளில் மரத்தாலும் தகட்டாலும் கட்டிக்கொள்வார்கள். நாமக்கல் இத்தொழிலுக்கு இன்றும் பெயர்பெற்ற ஊர். ஆதலால் ஒரே லாரியில் இரண்டு விதமான ஒயரிங் இருக்கும். சேஸோடு வந்தது தொழிற்சாலையின் வரைபடப்படி அமைந்தது. கேபினில் உள்ளதோ பாடி கட்டிய ஊரின் எலக்ட்ரீஷியன் தம் கையிருப்பில் இருந்த ஒயரைக் கொண்டு அமைத்தது. அதற்கு மேல் ஆண்டுதோறும் சேர்ந்த கூடுதல் ஹாரன், வண்ண விளக்கு, மின்விசிறி, பாட்டுப்பெட்டி ஆகியவற்றின் ஒயர்கள்! முதல் வகைக்குப் புத்தகம் உண்டு. மற்றவற்றுக்கு எந்தப் புத்தகமும் இல்லை.

ஒயர் ஏன் நோயுறுகிறது?

லாரியின் பேட்டரி 12 வோல்ட் அல்லது 24 வோல்ட் அழுத்தம் உடையது. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். லாரி மின்சாரம் தொட்டால் ‘ஷாக்’ அடிப்பதில்லை என்பதால் பலர் அதை அசட்டையாக எண்ணுகிறார்கள். இது தவறான எண்ணம். லாரியில் ஆபத்து வோல்ட்டில் இல்லை, ஆம்பியரில் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் ஒரு கனத்த டீசல் எஞ்சினைச் சுழற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. அத்தனை மின்னோட்டத்தைக் கொடுக்க வல்ல பேட்டரியின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி தவறிச் சேர்ந்தால், அது நொடிப்பொழுதில் செக்கச்சிவந்து உருகும். பெண்பிள்ளைகள் பேட்டரி அருகே செல்லும்போது உலோக வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும் என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்வதன் காரணம் இதுவே.

இனி நம் பாடத்துக்கு வருவோம். மின்னோட்டத்தால் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடியையும், மின்தடையையும், நேரத்தையும் பொறுத்தது என்பது ஜூல் விதி. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பி 6 மீட்டர் நீளம் இருந்தால், அதன் மின்தடை ஏறத்தாழ 0.1 ஓம். ஒரு லாரியின் முன்னிருந்து பின்வரை செல்ல இவ்வளவு நீளம் வேண்டியிருக்கும். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் முன்விளக்கு ஒன்று 5 ஆம்பியர் எடுக்கும். இரண்டு விளக்குக்கு 10 ஆம்பியர். இந்த 10 ஆம்பியரும் 0.1 ஓம் தடை வழியே சென்றால், 1 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 10 வாட் வெப்பம் உண்டாகிறது.

புதிய ஒயரில் அந்த வெப்பம் 6 மீட்டருக்கும் பரவிவிடுவதால் கேடில்லை. பழைய ஒயரில் அதே 0.1 ஓம் தடை, துருப்பிடித்த ஒரே ஒரு முறுக்கு இணைப்பில் இருக்கலாம். அப்போது 10 வாட் வெப்பமும் விரல் நுனி அளவான இடத்தில் குவிகிறது. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சிறிய சால்டரிங் கருவி 25 வாட்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த இணைப்பின் நிலை புரியும்.

வெளிச்சமும் குறைகிறது. இழை விளக்கில் 12 வோல்ட்டுக்குப் பதில் 11 வோல்ட் கிடைத்தால் வெளிச்சம் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் குறைவதில்லை; ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும். 10 வோல்ட் கிடைத்தால் பாதியளவே மிஞ்சும். இரவில் மழையில் வரும் லாரி ஓட்டுநருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

ஒயரின் மேலுறையும் மூப்படைகிறது. பழைய வண்டிகளில் ரப்பர் உறையும் அதன்மேல் பருத்தி நூல் பின்னலும் இருக்கும். ரப்பர் காலப்போக்கில் காய்ந்து, வளைத்தால் முறுக்குப்போல நொறுங்கும். பின்னாளில் வந்த பி.வி.சி. உறையும் எஞ்சின் சூட்டிலும் டீசல் கசிவிலும் விறைத்து வெடிக்கும். உள்ளே செம்பு கறுக்கும், பச்சை பூக்கும். எலி கடித்த இடங்கள் வேறு!

மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

பழைய ஒயர் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் பிடுங்கி எறிவது அறிவுடைமை ஆகாது. பல் வலித்தால் எல்லாப் பற்களையும் பிடுங்குவார் உண்டோ? முதலில் சோதிக்க வேண்டும். எங்கள் வண்டியில் செய்த சோதனைகளை வரிசையாகத் தருகிறேன்.

1. வளைத்துப் பார்த்தல்: எஞ்சினுக்கு அருகில் ஓரிடம், முகப்புப் பலகையின் பின்னே ஓரிடம், பின்விளக்கின் அருகே ஓரிடம் என மூன்று இடங்களில் ஒயரை மெல்ல வளைக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் உறை வெடித்தால் அது உள்ளூர்ப் பழுது. அந்தத் துண்டை மாற்றினால் போதும். மூன்று இடத்திலும் வெடித்தால் உடல் முழுவதும் நோய் என்று பொருள்.

2. உரித்துப் பார்த்தல்: ஒயரின் நுனியை ஓர் அங்குலம் உரித்துச் செம்பின் நிறத்தைக் காண வேண்டும். செம்பு பளபளத்தால் நன்று. கறுப்பு இன்னும் உள்ளே சென்றிருந்தால் அங்கே புதிய லக் வைத்தாலும் நிலைக்காது.

3. அளந்து பார்த்தல்: விளக்குகளை எரியவிட்டு, பேட்டரி முனையில் எத்தனை வோல்ட், விளக்கின் முனையில் எத்தனை வோல்ட் என்று மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 12 வோல்ட் வண்டியில் இரண்டுக்கும் வேறுபாடு அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். எங்கள் லாரியின் பின்விளக்கில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் குறைந்தது.

4. இணைப்புகளை எண்ணுதல்: முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் எத்தனை? உருகிய தடம் எங்கேனும் உண்டா? பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறுங்கம்பி உண்டா? எங்கள் வண்டியின் கேபினில் மட்டும் 30-க்கு மேற்பட்ட முறுக்கு இணைப்புகளை எண்ணினோம்.

ஓரிரு இடங்களில் பழுது என்றால் அதை மட்டும் சரிசெய்து, அசல் ஒயரைக் காப்பதே சிறப்பு. உறை பல இடத்திலும் நொறுங்கினால், அல்லது யார் எதை எங்கே இணைத்தார் என்றே தெரியாத நிலை வந்தால், முழுவதும் மாற்ற வேண்டும். பாதி பழையது, பாதி புதியது என்று நிறுத்துவதில் ஓர் இடர் உண்டு. புதிய பாதியில் தடை குறைவதால், பிரகாசமான புதுப் பல்புகளைப் போடும் ஆசை வரும். அந்தக் கூடுதல் மின்னோட்டத்தை மூப்படைந்த பாதி தாங்காது.

எப்போது மாற்றுவது?

இதுவே கட்டுரையின் நடுநாயகமான கேள்வி. பட்டறைகளில் இருவகை மனிதர் உண்டு. “வண்டி எரியாமல் இருக்க முதல் வேலை ஒயரிங்” என்பார் ஒருவர். “எல்லாம் முடிந்து கடைசியில் பார்த்துக்கொள்வோம்” என்பார் மற்றவர். இருவருமே முழுச் சரியில்லை. முடிவெடுப்பது முதலில்; வேலை செய்வது நடுவில்; மின்சாரம் கொடுப்பது கடைசியில். இதுவே நான் கற்ற சூத்திரம்.

முதலில் முடிவெடுப்பது ஏன்? வண்டியைப் பிரித்துவிட்டால் எந்த ஒயர் எங்கிருந்து எங்கே சென்றது என்பது மறைந்துபோகும். எனவே ஒரு போல்ட்டைக் கழற்றுமுன்பே பேட்டரியின் இணைப்பை நீக்கி, எல்லா ஒயருக்கும் சீட்டு கட்ட வேண்டும். ‘இடது முன்விளக்கு, தாழ்வெளிச்சம்’, ‘எண்ணெய் அழுத்த மானி’ என்பன போல ஒவ்வொரு நுனியிலும் ஒரு சீட்டு. கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும் என்று இவ்வேலையைப் பெரியப்பா என்னிடம் ஒப்படைத்தார்கள். நான்கு கோட்டு நோட்டில் நாம் பழகிய பழக்கம் பட்டறையிலும் பயன்பட்டது! சீட்டு கட்டியபின் ஒளிப்படங்கள் எடுத்து, நோட்டுப் புத்தகத்தில் வரைபடமும் வரைந்தோம். பிறகே பழைய ஒயர்க் கட்டை அறுக்காமல் முழுதாக வெளியே எடுத்தார்கள். அதைத் தரையில் விரித்தபோது, இலையுதிர்ந்த மரம் ஒன்றைப் படுக்க வைத்தாற்போல் இருந்தது. புதிய கட்டுக்கு அதுவே அளவுச் சட்டை.

முதலிலேயே புதிய ஒயர் போட்டுவிட்டால் என்ன? சேஸில் துரு நீக்க வேண்டும், கேபின் தகட்டில் டிங்கர் வேலையும் வெல்டிங்கும் நடக்கும், பட்டி பூசித் தேய்ப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். வெல்டிங் பொறி விழுந்தால் புதிய உறையும் உருகும். எங்கள் தெருவுக்கு அருகே ஒரு வண்டியில் இப்படித்தான் நேர்ந்தது. புதிய ஒயரிங் முடிந்த மறுவாரம், படிக்கட்டில் விரிசல் கண்டு அங்கே வெல்டிங் வைத்தார்கள். தகட்டின் மறுபுறம் சென்ற ஒயர்க் கட்டு அந்தச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வெளியே தெரியவில்லை. இடது இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் அடித்தபோதுதான் தெரிந்தது. மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்தார்கள். பணமும் உழைப்பும் இரட்டிப்பாயின.

கடைசியில் போட்டால் என்ன? கேபினில் உட்புறத் தகடும் மரப்பலகையும் இருக்கையும் பொருத்திவிட்ட பின் ஒயரை நுழைக்க வழி இராது. குருட்டுத்தனமாகத் தள்ளும்போது தகட்டின் கூர்விளிம்பு உறையைக் கிழிக்கும். தகட்டுத் துளை ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம் வைத்தே ஒயரைச் செலுத்த வேண்டும். மூடிய கேபினில் அதைச் செய்ய இயலாது. புதிய பெயிண்டிலும் கீறல் விழும்.

ஆகவே சரியான நேரம் இது: சேஸ் வேலை, வெல்டிங், டிங்கர் வேலை, பெயிண்ட் ஆகிய நான்கும் முடிந்திருக்க வேண்டும், உட்புறப் பலகை, முகப்புப் பலகை, இருக்கை ஆகியவை இன்னும் பொருத்தப்படாமல் இருக்க வேண்டும். சூடும் தூசும் உள்ள வேலைக்குப் பின், மூடும் வேலைக்கு முன்.

“அதுவரை எஞ்சின் ஓடுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்று தோழியர் கேட்கலாம். பழைய டீசல் எஞ்சினில் தீப்பொறிப் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடான காற்றிலே டீசல் தானே எரிகிறது. பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு ஒரு தடித்த கேபிள், திரும்பிவர ஒரு தடித்த எர்த் கேபிள் இருந்தால் எஞ்சினைக் கிளப்பிவிடலாம். நிறுத்துவதற்கும் மின்சாரம் வேண்டாம்; டீசலை அடைக்கும் கைப்பிடியை இழுத்தால் போதும். எனவே எஞ்சினைச் சோதிக்கும் அவசரத்துக்காக ஒயரிங்கை முன்கூட்டிச் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

எர்த் என்னும் திரும்பும் வழி

வீட்டில் மின்சாரம் வர ஒரு ஒயரும், திரும்ப ஒரு ஒயரும் இருக்கின்றன. லாரியில் திரும்பும் வழி பெரும்பாலும் சேஸ் இரும்பேதான். பெயிண்ட் அடித்தபின் ஒயரிங் செய்யும்போது முதலில் கவனிக்க வேண்டியது இதுவே; ஏனெனில் பெயிண்ட் ஒரு மின்கடத்தாப் பொருள்! அழகாகப் பெயிண்ட் அடித்து முடித்த லாரியில் விளக்கு எரியாமல் போவதற்குப் பல வேளைகளில் இதுதான் காரணம். எர்த் பூட்டும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு தெரியச் செய்து, லக்கை இறுக்கி, அதன்மேல் கிரீஸ் பூசிவிட வேண்டும். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால் எஞ்சினுக்கும் சேஸுக்கும் இடையே தனி எர்த் பட்டையும் அவசியம்.

மரக் கேபினில் இன்னொரு செய்தி. மரம் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே மரத்தில் பொருத்தும் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் சேஸ்வரை செல்ல வேண்டும். மரம் தீப்பற்றும் என்பதையும் மறக்கலாகாது.

சில பழைய ஆங்கிலேய வண்டிகளில் பேட்டரியின் நேர்முனை எர்த் ஆக இருக்கும். இன்றைய ஆல்டர்னேட்டரும் எல்.இ.டி. விளக்கும் பெரும்பாலும் எதிர்முனை எர்த்துக்கு உரியவை. எந்த முனை எர்த் என்று பாராமல் புதிய பொருளை மாட்டினால் அது அப்போதே கெட்டுவிடும்.

நிறங்களின் பாடம்

ஒயரின் நிறம் அதன் பெயர்ப்பலகை. ஆங்கிலேய முறையில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வரும் மின்சாரம். வெள்ளை, சாவி திருப்பியபின் வருவது. பச்சை, சாவிக்குப் பின் பியூஸையும் கடந்து வருவது. ஊதா, சாவி இல்லாமலே பியூஸ் வழியாக வருவது. நீலம் முன்விளக்குக்கும், சிவப்பு பக்கவிளக்குக்கும், கறுப்பு எர்த்துக்கும் உரியவை.

ஜெர்மானிய முறையிலோ சிவப்புதான் பேட்டரியின் மின்சாரம், கறுப்பு சாவி வழியே வருவது, பழுப்பு எர்த்! ஒருவருக்கு உயிருள்ள ஒயர் மற்றவருக்கு எர்த் ஆகிவிடுகிறது. நம் நாட்டில் எண்ணூரில் ஆங்கிலேய லேலண்டின் துணையோடும், ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் துணையோடும் லாரிகள் செய்யப்பட்டன. இருவகை வண்டியும் ஒரே பட்டறைக்கு வந்தன. நம் வீட்டு ஒயரிங்கிலோ பச்சைதான் எர்த். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல், சோதனை விளக்கை வைத்துப் பார்த்த பின்பே எந்த ஒயரையும் இணைக்க வேண்டும்.

பழமையும் பாதுகாப்பும்

எங்கள் வீட்டில் இவ்விஷயம் சுலபமாக முடிந்துவிடவில்லை. கேபினில் இருந்த முறுக்கு இணைப்புகளில் பல, தாத்தா நெடும்பயண இரவுகளில் வழியில் நிறுத்தித் தம் கையாலேயே முறுக்கியவை. அப்பாவுக்கு அவற்றைப் பிரிக்க மனம் வரவில்லை.

“அண்ணே, இதெல்லாம் அப்பா கைபட்ட ஒயரு. எரியற விளக்கை எதுக்குப் பிரிக்கணும்?” என்றார் அப்பா.

“கைபட்டதுதான்டா, இல்லேங்கல. ஆனா நாளைக்கு இதுல ஏறப்போறது நம்ம பிள்ளைங்க” என்றார்கள் பெரியப்பா.

இரண்டு நாள் வேலை நின்றது. மூன்றாம் நாள் ஆயா பட்டறைக்கு வந்து, நொறுங்கிக் கிடந்த உறையைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். “உங்க அப்பா வேற வழியில்லாம முறுக்கினாரு. கையில காசு இருந்திருந்தா அவரே முதல்ல இதைத்தான் மாத்தியிருப்பாரு. வெளிச்சம் பத்தாம எத்தனை ராத்திரி வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்தாரு தெரியுமா?” என்றார்கள். அத்துடன் வாதம் முடிந்தது.

பழமையைக் காப்பது என்றால் என்ன என்பதை அன்று நான் சிந்தித்தேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர வண்டிகளையும் கார்களையும் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்யலாம். சேஸிலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. லாரிக்கு அவ்விதியில் இடமில்லை என்றாலும், அதன் கருத்து நமக்கு வழிகாட்டுகிறது. எலும்பையும் முகத்தையும் இதயத்தையும் மாற்றாதே என்கிறது அது. தேய்ந்துபோகும் டயரையும் எரிந்துபோகும் ஒயரையும் பழமையின் பெயரால் வைத்திருக்க வேண்டியதில்லை.

ஆயினும் புதியதைப் பழையதன் முகம் கெடாமல் செய்யலாம். பழைய நிறங்களிலேயே ஒயர் வாங்கி, பழைய தடத்திலேயே செலுத்தி, பழைய சுவிட்சுகளையே பொருத்தலாம். முன்விளக்கின் கனத்த மின்னோட்டத்தைப் பழைய சுவிட்ச் தாங்காது என்றால், மறைவான இடத்தில் ஒரு ரிலே வைக்கலாம். அப்போது சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும். கனத்த மின்னோட்டம் ரிலே வழியாகவே செல்லும். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி பியூஸ் வேண்டும். பியூஸ் என்பது ஒயரைக் காப்பதற்காகவே. ஆகவே சுற்று எடுக்கும் மின்னோட்டத்தைவிடச் சற்று அதிகமாகவும், ஒயர் தாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பேட்டரி அருகே எல்லா மின்சாரத்தையும் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று இருந்தால், நிறுத்திவைத்த வண்டி நிம்மதியாக உறங்கும், நாமும் உறங்கலாம்.

தாத்தா முறுக்கிய இணைப்புகளை நாங்கள் எறியவில்லை. சீட்டுகளோடு சேர்த்துப் பழைய ஒயர்க் கட்டு முழுவதையும் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.

மின்சாரம் கொடுக்கும் நாள்

ஒயரிங் முடிந்தவுடன் பேட்டரியை நேரடியாக மாட்டுவது பேதைமை. பேட்டரியின் ஒரு முனைக்கும் வண்டிக்கும் நடுவே, வண்டியின் வோல்ட்டுக்கு ஏற்ற 21 வாட் பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைக்க வேண்டும். எல்லாச் சுவிட்சுகளும் அணைந்திருக்கையில் அந்தப் பல்பு எரியக் கூடாது. பிரகாசமாக எரிந்தால் எங்கோ மின்சாரம் நேரே எர்த்துக்குச் செல்கிறது என்று பொருள். பல்பு நடுவில் இருப்பதால், அந்தப் பிழை தீயாக மாறாமல் வெறும் வெளிச்சமாக நின்றுவிடும். பிழையில்லை என்று கண்டபின், பல்பை நீக்கி, பியூஸ்களை ஒவ்வொன்றாக மாட்டி, சுற்றுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அதன் பின்பே உட்புறப் பலகையையும் இருக்கையையும் பொருத்தலாம்.

முடிவுரை

தோழியரே! இதுவரை கண்டவற்றைச் சுருக்கமாக நினைவில் கொள்வோம்.

1. பிரிக்குமுன் சோதிக்க, சீட்டு கட்டுக, வரைபடம் வரைக.
2. நோய் ஓரிடத்தில் என்றால் பழுது பார்க்க. எங்கும் என்றால் முழுதும் மாற்றுக.
3. வெல்டிங்கும் பெயிண்டும் முடிந்தபின், கேபினை மூடுமுன் ஒயரிங் செய்க.
4. எர்த் இடத்தில் பெயிண்டைச் சுரண்டுக.
5. நிறத்தை நம்பாமல் சோதித்து இணைக்க.
6. பல்பு வைத்துப் பார்த்தபின் பேட்டரி மாட்டுக.

பெயிண்டின் பளபளப்பைப் பார்ப்பவர் எல்லாரும் பாராட்டுவர். உள்ளே ஓடும் ஒயரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் இருட்டில் சாலையைக் காட்டுவதும், பின்னால் வருவோருக்கு எச்சரிக்கை செய்வதும் அந்த ஒயரே. கண்ணுக்குத் தெரியாத வேலையை அதற்குரிய நேரத்தில், அவசரமும் சோம்பலும் இன்றிச் செய்வோரை நம்பித்தான் மற்றவர்கள் வண்டியில் ஏறுகிறார்கள். பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் தோழியர் இனி உள்ளே வந்து ஒரு சோதனை விளக்கைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் அவா. வளையலைக் கழற்றிவிட்டு வாருங்கள்!